வெள்ளைக் குச்சிப் பாத்திகள்

திங்கட்கிழமை காலை ஏழாவது பாத்தியைக் கிளறிக்கொண்டிருந்தபோது மண்வெட்டியின் பிடி கழன்று, இரும்பு மட்டும் மண்ணுக்குள் தங்கிவிட்டது. குனிந்து அதை எடுக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. கையில் வெறும் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து மாதமாக வாரத்துக்கு இரண்டு நாள் இதே வேலை. பன்னிரண்டு பாத்திகள், ஒவ்வொன்றும் ஒரு கட்டில் அகலம், இரண்டு கட்டில் நீளம். மேல் மண் கீழே போக வேண்டும், கீழ் மண் மேலே வர வேண்டும், இடையில் காற்றுப் புக வேண்டும், கடைசியில் பாத்திக்கு இரண்டு வாளித் தண்ணீர். மத்தியானம் மாணவர் விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவப் போக வேண்டும். பாத்தியிலிருந்து பாத்திரத்துக்கு என்று என் ஓரகத்தி கேலி செய்வாள். அவள் என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. அவளும் நானும் சேர்ந்துதான் கிளறுகிறோம்.

"என்னக்கா, கொடிக்கம்பம் மாதிரி புடிச்சிட்டு நிக்கிறீங்க?"

"பிடி கழண்டுடுச்சு."

"நமக்குக் கழண்டது போதாதுன்னு அதுக்குமா?" என்றாள்.

கோழி எருவோடு வேலை செய்வதில் ஒரு வசதி இருக்கிறது. பேருந்தில் எப்போதும் உட்கார இடம் கிடைக்கும். பக்கத்து இருக்கையும் காலியாகவே இருக்கும். முதல் மாதம் வெட்கமாக இருந்தது. இரண்டாவது மாதம் கோபம் வந்தது. இப்போது ஜன்னல் ஓரமாகச் சாய்ந்து தூங்கிவிடுகிறேன்.

நிலம் எங்களுடையதுதான். இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு, ஓரமாகப் போகும் எண்ணெய்க் குழாய் வெடித்து, இரண்டு நாள் கறுப்பாகக் கொட்டியது. பதினான்கு வீட்டு நிலம் போயிற்று. கம்பெனிக்காரர்கள் மேலே தேங்கியதை உறிஞ்சி லாரியில் ஏற்றிக்கொண்டு, மீதியை வெயிலும் மழையும் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் வருடம் நாங்களே உழுதோம். மூன்று முறை உழுதும், நட்ட கன்றில் ஒன்றுகூட ஒரு வாரம் தாங்கவில்லை. அதற்குப் பிறகு ஆளுக்கொரு கூலி வேலை தேடிக்கொண்டோம். ஓரகத்தியின் கணவர் வெளியூரில் கட்டட வேலைக்குப் போனார். பதினான்கு வீடும் விவசாயத்தைக் கை கழுவிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போதுதான் மண்ணு சார் வந்தார். கல்லூரி ஒன்றில் மண் பரிசோதனை செய்கிறவர். பெயர் நீளமாக இருந்ததால் நாங்கள் வைத்த பெயர் அது. ஓய்வு பெறும் வயது, ஓயாத இருமல், பின்னால் ஐஸ் பெட்டி கட்டிய பழைய ஸ்கூட்டர். எண்ணெயைத் தின்னும் கிருமிகள் மண்ணிலேயே இருக்கின்றன என்று அவர் சொன்னபோது யாரும் நம்பவில்லை. "ஆனா எண்ணெயை மட்டும் தின்னுட்டு அதுங்களால பெருக முடியாதும்மா. கூடச் சத்து வேணும். எருவைக் கலந்து, ஈரமா வச்சு, காத்துப் போகக் கிளறி விட்டோம்னா தின்னு தீர்த்துரும்."

"நம்மள மாதிரிதான். தொட்டுக்க ஏதாவது இருந்தாத்தானே சோறு இறங்கும்?" என்றாள் ஓரகத்தி. அன்றைக்கு மண்ணு சார் சிரித்த சிரிப்பை நான் பிறகு பார்க்கவில்லை.

அவர் கம்பெனியோடு மல்லுக்கட்டி ஓர் ஒப்பந்தம் வாங்கி வந்தார். சாலைக்குப் பக்கம் என்பதால் எங்கள் நிலத்தில் பன்னிரண்டு பாத்திகள். சிவப்புக் குச்சி நட்ட நான்குக்குக் கோழி எரு, நீலக் குச்சி நான்குக்கு மாட்டெரு, வெள்ளைக் குச்சி நான்குக்கு ஒன்றும் கிடையாது. எந்தப் பாத்திக்கு எந்தக் குச்சி என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். கிளறுவதும் தண்ணீரும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஐந்து மாதம் கழித்து, எருப் போட்ட பாத்திகளில் இருக்கும் எண்ணெய் வெள்ளைக் குச்சியில் இருப்பதில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால், பதினான்கு நிலத்துக்கும் கம்பெனியே எருப் போட்டுச் சுத்தம் செய்து தரும். இல்லையென்றால் அவரவர் பாடு. வேலைக்கு வைத்தவர்களைத் தவிர வெளியாள் யாராவது பாத்தியில் கை வைத்தால் ஒப்பந்தம் ரத்து. இதையெல்லாம் மண்ணு சார் ஒரு கூட்டம் போட்டு எங்களுக்குப் புரியும்படி சொன்னார். வெள்ளைக் குச்சிப் பாத்திகள்தான் சாட்சி, அவற்றுக்கு எதையும் கொடுக்கக் கூடாது என்றார்.

அந்த நான்கையும் கிளறும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும். சாப்பிட உட்கார்ந்தவருக்குத் தண்ணீரை மட்டும் வைத்துவிட்டுப் போவதுபோல. ஆனால் கூச்சப்படுவதற்கும் தெம்பு வேண்டும். மூன்றாவது மாதத்தில் ஒருநாள் ஓரகத்தி, "வெள்ளைக் குச்சியும் நல்லாப் பொலபொலன்னுதான் வருது, பாத்தீங்களாக்கா?" என்றாள். பேசாமல் கிளறு, எனக்குப் பேருந்துக்கு நேரமாகிறது என்றேன். அந்தப் பேச்சை அன்றே காதில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. எண்ணெய் கொட்டிய பிறகு அவர் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊருக்கு வெளியே இறைச்சிக்கூடத்தில் ஆட்டுக் கொட்டகையைப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தார். விடிவதற்கு முன் போய் மத்தியானம் திரும்புவார்; நான் வரும்போது குளித்துச் சாப்பிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அவர் சட்டையை அலசும்போது, என்ன தேய்த்தாலும் போகாமல் துணியில் குத்திக்கொண்டிருக்கும் ஆட்டு முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். கறுப்பு, வெள்ளை, செம்பட்டை. அதுதான் எங்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு என்று சொன்னாலும் தப்பில்லை. பாத்தி வேலையில் சேர்ந்ததை நான் சொன்னபோது "சரி" என்றார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. செத்த பிள்ளையைப் பற்றி வீட்டில் பேசாமல் இருப்பார்களே, அப்படித்தான் இருந்தோம். அவர் மனசு விட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அதில் வருத்தத்தைவிட எரிச்சல்தான் அதிகம். என் இடுப்பு மட்டும் என்ன இரும்பா?

கிளறி முடித்த மூன்றாவது நாள், வியாழக்கிழமை, மண் பரிசோதனை முடிவு வந்தது. தகரக் கொட்டகையில் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்து நின்றார்கள். கம்பெனியிலிருந்து வழக்கமாக வரும் கட்டம் போட்ட சட்டைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மண்ணு சார் காகிதத்தை எடுத்து, ஒரு வரி பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் பார்த்தார். ஆரம்பத்தில் ஒரு கிலோ மண்ணில் நாற்பது கிராம் எண்ணெய் இருந்தது. இப்போது சிவப்புக் குச்சியில் பன்னிரண்டு. நீலக் குச்சியில் பதினைந்து. கைதட்டல்கூட எழுந்தது. வெள்ளைக் குச்சியில் பதினான்கு என்று அவர் வாசித்ததும் அது அப்படியே நின்றுபோயிற்று.

"அப்ப எருவே தேவையில்ல. சும்மா கிளறி விட்டாலே போதும். அதை நீங்களே செஞ்சுக்கலாமே?" என்றார் கட்டம் போட்ட சட்டை. அவர் குரலில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்ற நிம்மதிதான் இருந்தது.

"வாய்ப்பே இல்ல," என்றார் மண்ணு சார். "எங்கயோ தப்பு நடந்திருக்கு. இன்னொரு தடவ மண் எடுக்கணும்."

"எடுங்க. திங்கக்கிழமை நான் இருக்கும்போது எடுங்க. அதுவும் இதையே சொன்னா முடிச்சுக்குவோம்."

எல்லோரும் கலைந்தார்கள். ஓரகத்தி கொட்டகைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் ஒன்பதாவது பாத்திக்குப் போனேன். அது வெள்ளைக் குச்சி. ஏன் போனேன் என்றால், நாங்கள் மூன்று முறை உழுது தோற்ற மண் அது. சும்மா கிளறினால் போதும் என்று எனக்குச் சொல்ல வந்தால் எப்படி? மண்வெட்டியை விட்டுவிட்டுக் கையால் தோண்டினேன். மண் கருமையாக, லேசாக, நல்ல மண்ணாக இருந்தது. விரல்களைத் தூக்கிப் பார்த்தபோது நகத்தருகே ஏதோ ஒட்டியிருந்தது. இழுத்தேன். குட்டையான, விறைத்த முடி. ஒன்று கறுப்பு, இரண்டு செம்பட்டை.

அதை எனக்கு வேறு யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது கோபம்தான். ஐந்து மாத உழைப்பை ஒரே ஆள் மண்ணாக்கிவிட்டாரே. அதன் பின்னாலேயே, அதைத் தள்ளிக்கொண்டு, இன்னொன்றும் வந்தது. இங்கே வந்திருக்கிறார். இந்த மனிதர் இங்கே வந்துகொண்டிருந்திருக்கிறார்.

அன்று விடுதிக்குப் போகவில்லை. வீட்டில் அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"வெள்ளைக் குச்சி பாத்திக்கு ஆட்டெரு போட்டீங்களா?"

"ஆமா," என்றார். ஒளிக்கவில்லை, தயங்கக்கூட இல்லை. தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "லாரில எரு வந்துச்சே, அதுக்கு மறுவாரத்துலருந்து. செவ்வாயும் சனியும், வேலை முடிஞ்சு வர்ற வழியில."

"எதுக்குங்க?"

"எட்டுக்குப் போட்டாங்க, நாலை விட்டுட்டாங்க. எரு பத்தலபோல, நம்மள ஏமாத்துறானுங்கன்னு நெனச்சேன். அங்க கொட்டகையில சும்மா கிடக்குற எருதானே. சைக்கிள்ல ஒரு மூட்டை கட்டிட்டு வருவேன். வாளித் தண்ணில கரைச்சு, மண்ணைக் கீறி ஊத்தி மூடிருவேன்." கொஞ்சம் நிறுத்தி, "நீ இவ்ளோ கஷ்டப்பட்டுக் கிளறுற. அந்த நாலும் வீணாப் போகக் கூடாதுல்ல," என்றார்.

என்னால் கத்த முடியவில்லை. அந்த நான்கும் எதற்காக அப்படி விடப்பட்டன, இப்போது என்ன ஆயிற்று என்று சொன்னேன். ஐந்து மாதத்துக்கு முன்பு சொல்லியிருக்க வேண்டியதை, மண்ணு சார் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் ஒடுங்கிக்கொண்டே போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே," என்றேன்.

"நீயும் சொல்லியிருக்கலாம்."

இரண்டு பேரும் சண்டைக்காகச் சொல்லவில்லை. உண்மை அப்படித்தான் இருந்தது. தரையைப் பார்த்தபடியே, "ஒம்பதாவதுல புல்லு வந்துச்சு. கிழக்கு மூலையில. நீ பாக்கலையா?" என்று கேட்டார். பார்த்தேன். பிடுங்கியும் போட்டேன். பாத்தியில் எது முளைத்தாலும் பிடுங்கிவிட வேண்டும் என்பது மண்ணு சாரின் உத்தரவு. அதை மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை.

வெள்ளியும் சனியும் ஞாயிறும் எனக்குள் ஒரே கணக்குத்தான் ஓடியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வீட்டுக்காரர் தலைகுனிய வேண்டாம்; யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் திங்கட்கிழமை மண்ணும் அதே பதினான்கைத்தான் சொல்லும். பதினான்கு நிலமும் கறுப்பாகவே கிடக்கும். சொன்னாலோ, வெளியாள் கை வைத்தார் என்று கம்பெனி ஒப்பந்தத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஊர் முழுக்க அவர் முகத்தில் காறித் துப்பாத குறையாகப் பேசும். எப்படிப் போனாலும் இடிக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். எலும்பு வரைக்கும் அலுப்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் தலைவாரிக்கொண்டிருந்தபோது, "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானே வர்றேன்," என்றார்.

திங்கட்கிழமை காலை அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பின்னால் மூட்டையோடு, சாலையிலிருந்து நிலத்துக்குள் இறங்கினார். மண்ணு சார் மண் எடுக்கும் குழாயோடு நின்றுகொண்டிருந்தார். கட்டம் போட்ட சட்டைக்காரர் அன்று கோடு போட்ட சட்டையில் வந்திருந்தார். என் வீட்டுக்காரர் யாரையும் பார்க்காமல், வெள்ளைக் குச்சியை மட்டும் பார்த்துச் சொன்னார்.

"இந்த நாலுக்கும் நான் ஆட்டெரு போட்டேன். தெரியாமப் போட்டேன். எம் பொண்டாட்டிக்கும் தெரியாது."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஓரகத்தியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது. "மாமா, நிலம் எப்ப சரியாகும், எப்ப ஊருக்கு வரலாம்னு உங்க தம்பி போன் பண்ணும்போதெல்லாம் கேக்குறாரு. இன்னைக்குக் கேட்டா நான் என்ன சொல்ல? நீங்களே சொல்லுங்க." அவள் என்னையும் பார்த்தாள்.

மண்ணு சார் மட்டும் கோபப்படவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்தார். "எவ்ளோ போட்டீங்க?"

"பாத்திக்கு இருபது கை."

"கைன்னா?"

என் வீட்டுக்காரர் மூட்டையை அவிழ்த்து, இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து அள்ளிக் காட்டினார். மண்ணு சார் ஐஸ் பெட்டியிலிருந்து சின்னத் தராசை எடுத்து வைத்தார். இவர் குனிந்து, ஒரு புழுக்கைகூடக் கீழே விழாமல், அதில் போட்டார். சார் திரும்ப அள்ளச் சொன்னார். இவர் திரும்பப் போட்டார். மூன்றாவது முறையும். மூன்றும் ஏறக்குறைய ஒரே எடை. மண்ணு சார் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு பாத்திக்கும் இருபதேதானா? ஒரு நாளும் கூடக் குறைய இல்லையா?"

"எண்ணித்தான் சார் போடுவேன். ஒண்ணுக்கு அதிகம் ஒண்ணுக்குக் கம்மின்னு ஓரவஞ்சனை இருக்கக் கூடாதுல்ல."

மண்ணு சார் கண்ணை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா இருமுகிறாரா என்று தெரியவில்லை. "நான் ஆள் வச்சு செஞ்சிருந்தாக்கூட இவ்ளோ சரியா வந்திருக்காது," என்றார். அது பாராட்டா என்று என் வீட்டுக்காரருக்கு விளங்கவில்லை. கையைத் தொங்கப் போடவும் தெரியாமல், வேட்டியில் துடைக்கவும் தோன்றாமல், குவித்தபடியே வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் அவர்மேல் ஆசையாகவும் இருந்தது. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

கம்பெனிக்காரர் நடந்ததை எழுதி, அதில் என் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ரத்து என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "மேல கேட்டுச் சொல்றேன்," என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அவர் போனதும் மற்றவர்களும் போனார்கள். ஓரகத்தி வாளியை அங்கேயே வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் நடந்தாள்.

மண்ணு சார் எழுந்து, பன்னிரண்டு பாத்திகளையும் தாண்டி, யாரும் தொடாத கறுப்பு நிலத்தில் கயிறு கட்டிப் புதிதாக நான்கு பாத்தி அளந்தார். அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு என்பது எங்களுக்குத் தெரியும். "கம்பெனி ஒத்துக்கிட்டா இன்னையிலருந்து கணக்கு வச்சுக்கலாம். ஐஞ்சு மாசம். எனக்கப்புறம் யாராவது வந்து பாப்பாங்க." நான்கு வெள்ளைக் குச்சிகளை நட்டுவிட்டு, ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பிப் போனார்.

என் வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்துப் புதிய நான்கில் முதல் பாத்தியைக் கிளற ஆரம்பித்தார். நான் கிளறுவதைவிட நன்றாகக் கிளறினார், நிலத்துக்காரர் இல்லையா. முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு ஒண்ணுமே போடக் கூடாது. அப்படித்தானே?"

"ஆமா."

"தண்ணி?"

"தண்ணி ஊத்தலாம். ரெண்டு வாளி."

அவர் முதல் வாளியை மெதுவாகச் சாய்த்தார். அந்த மண்ணில் எண்ணெய் அப்படியே இருந்தது. தண்ணீரை அது உள்ளே விடவில்லை. உருண்டை உருண்டையாகத் திரண்டு, மேலேயே ஓடி, பாத்தியின் சரிவைப் பார்த்து விரைந்தது. அவர் சட்டென்று முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் ஓரத்தில் அணையாக வைத்துத் தடுத்தார். தண்ணீர் அவர் விரல்களில் முட்டித் தேங்கி நின்றது. அவர் கையை எடுக்கவில்லை. நான் இரண்டாவது வாளியைப் பிடித்துக்கொண்டு, அந்த மண் குடிக்கட்டும் என்று நின்றேன்.